பாட்டைக் கேட்டு கிற்றார் பகுதியைப் பிரித்தெடுத்தல்

கலியாண வீட்டு மேடையிலோ, கோயில் திருவிழா இசைநிகழ்ச்சியிலோ, தேவாலயப் பாடகர் குழுவிலோ கிற்றார் வாசிக்கின்ற ஒருவரிடம், அவர் முன்பின் வாசித்தறியாத ஒரு பாட்டை இரண்டு நாளில் தயார் செய்யும்படி சொல்வது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வழக்கமானதுதான். சொன்னவுடன் இணையத்தில் கோர்ட் தாள், அதாவது பாட்டில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின் பெயர்களைக் குறித்த தாள், தேடுவது இன்றைய பழக்கம். பெயர்பெற்ற பாட்டாயின் ஏதாவது ஒன்று அகப்படும்; ஆனால் அது பெரும்பாலும் பாடல் வரிகளுக்கு மேலே நான்கைந்து கோர்ட் பெயர்களை வைத்ததாக இருக்குமேயன்றி, முன்னிசையில் கிற்றார் என்ன செய்கிறது, இடையிசையில் சுதி எங்கே நகர்கிறது, கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார் எந்த வழியாக இறங்குகிறது என்பவற்றைச் சொல்லாது. உள்ளூரில் ஒலிப்பதிவான பாடல்களுக்கு அந்தத் தாள்கூடக் கிடைப்பதில்லை. பதிவையே கேட்டு எடுக்கப் பழகியவருக்கு இந்த அலைச்சல் இல்லை.

திறந்த கோர்ட்களையும் ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் எஃப் போன்ற ஒரு பார் கோர்டையும் பிடிக்கத் தெரிந்து, தடித்த ஐந்தாம் ஆறாம் தந்திகளில் எந்த ஃபிரெட்டில் (கழுத்திலுள்ள உலோகப் பட்டிகளால் பிரிந்த இடத்தில்) எந்தச் சுரம் இருக்கிறது என்று அறிந்தவருக்காக இதை எழுதுகிறேன். இராக ஞானம் இருந்தால் நன்று. இல்லாவிட்டாலும், ஒரு மெட்டைச் சுதி விலகாமல் முணுமுணுக்க முடிந்தால் போதும்.

கிற்றாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குதல்

நான் பழகத் தொடங்கிய காலத்தில், கசற்றை ஓடவிட்டு, மடியில் கிற்றாரை வைத்துக்கொண்டு, பாட்டு ஓட ஓட ஒவ்வொரு ஃபிரெட்டாகத் தட்டித் தேடுவேன். கல்லடியில் எனக்கு மூத்த வாசிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மனே, விரல எடு. முதல்ல வாயால பாடு, பிறகு கிற்றாரத் தொடலாம்" என்றார். அன்று அது அவமானமாகப் பட்டது. ஆனால் விரலால் தேடும்போது, பதிவில் இல்லாத பத்துச் சுரங்களை நாமே எழுப்பி, தேடும் ஒரு சுரத்தை அவற்றின் கீழ் அமுக்கிவிடுகிறோம் என்பதை ஒரு மாதத்துக்குள் நானே கண்டுகொண்டேன். குரலுக்கு அந்தக் குறை இல்லை. கேட்ட சுரத்தைக் குரல் பிடித்துவிட்டால் பதிவை நிறுத்தலாம். நிறுத்திய பின்னும் அந்தச் சுரம் தொண்டையில் நிற்கும். அதன் பிறகு அதைத் தந்தியில் கண்டுபிடிப்பது சில விநாடி வேலை.

ஆகவே பாட்டை முதலில் மூன்று நான்கு தடவை, கிற்றார் இல்லாமலே கேளுங்கள். ஒரு தாளில் பாட்டின் உடலமைப்பை மட்டும் எழுதுங்கள்: முன்னிசை எத்தனை தாளவட்டம், பல்லவி எத்தனை, முதல் இடையிசை எத்தனை, சரணம் எத்தனை. திரைப்பாடல்களில் இரண்டாம் இடையிசை பெரும்பாலும் முதலாவதிலிருந்து முற்றாக வேறுபட்டிருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிவிட்டு மேடையில் திகைப்பவர்கள் உண்டு. நடையையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடும் றபானா என்ற தோற்கருவியோடும் கிற்றார் ஒலிக்கின்ற கப்ரிஞ்ஞா ஆட்டப்பாடல்களும், அதன் வழிவந்த பைலாவும் ஆறு-எட்டு நடையில், அதாவது "தகிட தகிட" என்ற எண்ணிக்கையில் ஓடுபவை. அவற்றை "தகதிமி" என்று நான்காக எண்ணிக்கொண்டு கோர்ட் மாறும் இடங்களைக் குறித்தால், கோர்ட்கள் சரியாக இருந்தும் எல்லாம் இடம் பெயர்ந்து நிற்கும்.

பதிவின் சுதியை முதலில் சரிபார்த்தல்

உங்கள் கிற்றார், சுதி காட்டும் ரியூனருக்கு ஒத்திருக்கலாம். பதிவு ஒத்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பழைய பாடல்கள் பல, ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் பிரதியெடுக்கப்பட்டு, பிறகு யாரோ ஒருவரின் கணினி வழியாக இணையத்துக்கு வந்தவை. நாடா 3 வீதம் வேகமாக ஓடினால் சுதி ஏறத்தாழ கால் சுரம், அதாவது ஒரு ஃபிரெட்டின் பாதி தூரம் உயரும். 6 வீதம் வேகமாக ஓடினால் ஒரு முழு ஃபிரெட் உயர்ந்துவிடும். நான் ஒரு தடவை இப்படியான பிரதியிலிருந்து மிகக் கவனமாக ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு களுவாஞ்சிக்குடியில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். கீபோட் வாசித்தவரோ நல்ல பதிவிலிருந்து எடுத்திருந்தார். ஒத்திகையின் முதல் கோர்டிலேயே இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பாட்டின் முடிவிலோ ஒரு நிறுத்தத்திலோ நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தைக் கைபேசியிலுள்ள ரியூனர் செயலிக்குக் கேட்கவிடுவதாகும். பல இடங்களில் சோதித்தும் முள் ஒரே அளவாக, உதாரணமாக 30 சென்ட் (ஒரு ஃபிரெட் நூறு சென்ட்) மேலே நின்றால், குறை பதிவில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் பதிவின் சுதியை அந்த அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். கணினி இல்லாதவர் கிற்றாரையே பதிவுக்கு ஏற்ப ஏற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் செய்யாமல், "கிட்டத்தட்டச் சரி" என்று போனால், அடுத்து வரும் ஒவ்வொரு முடிவிலும் காது அந்தக் கால் சுரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டே இருக்கும்.

சத்தமான இடத்தில் தந்தி சேர்க்க வேண்டியிருந்தால் கிற்றாரின் மேல் விளிம்பைத் தாடை எலும்போடு ஒட்டிவையுங்கள். வெளிச் சத்தத்தைத் தாண்டித் தந்தியின் அதிர்வு நேரே காதுக்குள் வரும். கல்லடிப் பாலத்தடியில் பாடும்மீன் கேட்கப் போகிறவர்கள் நிலாக் காலத்தில் தோணியின் துடுப்பை வாவியில் அமிழ்த்தி அதன் மறுமுனையைக் காதில் வைப்பதும் இதே உபாயந்தான்.

பேஸ் சொல்வதைக் கேட்டல்

இந்த வேலையின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இங்கேதான் இருக்கிறது. கோர்டைத் தேடுகிறவர்கள் கோர்டையே கேட்க முயல்கிறார்கள். நான்கைந்து சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அந்தத் திரளில் பழகாத காது எதையும் பிரித்தறியாது. பேஸோ பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே வாசிக்கிறது. தாளவட்டத்தின் முதல் அடியில் பேஸ் எந்தச் சுரத்தில் இறங்குகிறது என்பதை மட்டும் கேட்டு, அதைப் பாடி, கிற்றாரின் ஐந்தாம் ஆறாம் தந்திகளில் கண்டு எழுதிக்கொண்டு போனால், பாட்டின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும். நான்கு தந்திப் பேஸ் கிற்றாரின் தந்திகளும் நம் கிற்றாரின் தடித்த நான்கு தந்திகளும் பெயரளவில் ஒன்றே: ஈ, ஏ, டி, ஜி. பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவே.

ஆனால் இதைக் கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் செய்ய முற்படாதீர்கள். பேஸின் திறந்த ஈ தந்தி விநாடிக்கு 41 அதிர்வுகள் கொண்டது; அந்தச் சிறு ஒலிபெருக்கியால் அதை எழுப்ப இயலாது. நாம் கேட்பதாக நினைப்பது அதனோடு சேர்ந்து மேலே எழும் மெல்லிய உபசுரங்களையே. அவற்றுள் வலிமையான ஒன்று, அடிச்சுரத்தின் பஞ்சமத்தில் ஒரு ஸ்தாயி மேலே நிற்பதால், ஈ ஒலிக்கும் இடத்தில் பி என்று எழுதிவிடும் பிழை மிகச் சாதாரணமாக நேர்கிறது. காதை மூடி அமர்கின்ற ஒரு ஹெட்போன், மலிவானதாயினும், இதற்கு அவசியம். ஹெட்போனில் கேட்டும் ஐயம் தீராவிட்டால், எழுதிய சுரத்தின் பஞ்சமத்தையும் மத்தியமத்தையும் பாடிப் பாருங்கள். மூன்றில் ஒன்று பதிவோடு கரைந்து மறைந்துவிடும். அதுவே விடை.

பேஸ் எழுதி முடித்த பின், ஒவ்வொரு சுரத்தின் மீதும் நிற்பது மேஜரா மைனரா என்று பார்க்க வேண்டும். கர்நாடக இசை கொஞ்சம் படித்தவருக்கு இதைச் சொல்வது எளிது: பேஸ் சுரத்தைச் சட்சமாகக் கொண்டால், மேலே கேட்பது அந்தரகாந்தாரமாயின் மேஜர், சாதாரணகாந்தாரமாயின் மைனர். படிக்காதவர் பேஸ் சுரத்திலிருந்து மூன்றாம் ஃபிரெட்டையும் நான்காம் ஃபிரெட்டையும் மாறி மாறித் தட்டி, பதிவோடு உறுத்தாமல் நிற்பது எதுவென்று கேட்கட்டும்; மூன்று மைனர், நான்கு மேஜர்.

ஓர் எடுத்துக்காட்டு: பேஸ் வரிசையாக ஏ, எஃப், ஜி, ஈ என்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏயின் மேலே சி கேட்கிறது, ஆகவே ஏ மைனர். எஃபும் ஜியும் மேஜராக வருகின்றன. ஈக்கு வரும்போது, இந்தச் சுரவரிசைக்கு ஈ மைனர்தானே வரவேண்டும் என்று ஏட்டறிவு சொல்லும். ஆனால் தமிழ்ப் பாடல்களில் இந்த இடத்தில் ஈ மேஜரே மிகுதியாக வருகிறது. அதற்குள் இருக்கும் ஜி ஷார்ப், ஏயைச் சட்சமாகக் கொண்டால் காகலிநிஷாதம். நடபைரவி இராகமாக ஓடிக்கொண்டிருந்த மெட்டு அந்த ஒரு தாளவட்டத்தில் கீரவாணி இராகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. ஏட்டறிவு ஒன்று சொல்லி, காது வேறொன்று கேட்டால் காதை நம்புங்கள்.

பேஸ் எப்போதும் கோர்டின் தலைச்சுரத்தையே, அதாவது கோர்டுக்குப் பெயர் தரும் சுரத்தையே, வாசிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பேஸ் சி, பி, ஏ என்று படியிறங்கும்போது, புதியவர் சி, பி மைனர், ஏ மைனர் என்று எழுதுவார். வாசித்துப் பார்த்தால் நடுவிலுள்ளது ஏதோ புளித்தாற்போல இருக்கும். அங்கே இருப்பது பியைப் பேஸாகக் கொண்ட ஜி மேஜர். பி மைனரில் பி, டி, எஃப் ஷார்ப்; ஜி மேஜரில் ஜி, பி, டி. இரண்டு சுரங்கள் பொதுவானவை. வேறுபாடு ஒரே ஒரு சுரத்தில், அதுவும் ஒரு ஃபிரெட் அளவில். ஆகவே அந்த இடத்தில் பதிவின் மீது ஜியைப் பாடிப் பாருங்கள். அது பொருந்தினால் விடயம் முடிந்தது. இரண்டு கோர்ட்களுக்கு இடையே தடுமாறும்போதெல்லாம், அவற்றைப் பிரிக்கின்ற அந்த ஒற்றைச் சுரம் எதுவென்று கண்டு அதை மட்டும் பாடிச் சோதிப்பது, முழுக் கோர்டையும் பத்துத் தடவை அடித்துப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

சி மேஜர் பாட்டா, ஏ மைனர் பாட்டா என்ற மயக்கமும் அடிக்கடி எழும். இரண்டுக்கும் சுரங்கள் ஒன்றே, அமர்கின்ற இடந்தான் வேறு. சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்சமாக்கினால் நடபைரவி பிறக்கிறது. நம் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' என்னும் ஆராய்ச்சியில் பழந்தமிழ்ப் பாலைத்திரிபு என்று விரித்து விளக்கியது இந்த உண்மையையே: நரம்புகளை (சுரங்களை) மாற்றாமல், தொடங்கும் நரம்பை மாற்றினாலே வேறு பாலை, அதாவது வேறு சுரவரிசை, கிடைக்கும். உங்கள் வேலைக்கு இதன் பயன் சிறியது, ஆனால் உறுதியானது. பல்லவி முடிந்து குரல் ஓய்கின்ற இடத்தில் பதிவை நிறுத்தி, மனம் எந்தச் சுரத்தில் இளைப்பாற விரும்புகிறது என்று முணுமுணுத்துப் பாருங்கள். அந்தச் சுரத்தின் பெயரே பாட்டுச் சுதியின் பெயர்.

கிற்றார் எந்த இடத்தில் வாசிக்கப்படுகிறது

கோர்ட்கள் கிடைத்த பின் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பதிவிலுள்ள வாசிப்பு வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். கிற்றாரின் சங்கடம், ஒரே சுரம் பல இடங்களில் இருப்பது. மெல்லிய முதல் தந்தியைத் திறந்து வாசித்தால் வரும் ஈ, இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும், மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் ஃபிரெட்டிலும், நான்காம் தந்தியின் பதினான்காம் ஃபிரெட்டிலும் உண்டு. சுதி ஒன்று, நிறம் வேறு: திறந்த தந்தி பளிச்சென்று நீண்டு ஒலிக்கும், தடித்த தந்தியின் உயர்ந்த ஃபிரெட் சற்றே மூடிய, தடித்த ஒலியைத் தரும். நான்கு இடத்திலும் வாசித்து, பதிவின் நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

நிறத்தைத் தவிர வேறு தடயங்களும் உள. கம்பி சுற்றிய தடித்த தந்திகளில் விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலி, அந்தக் கணத்தில் கை இடம் மாறியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒலிப்பதிவாளர் அழிக்காமல் விட்ட இந்தக் கீச்சு நமக்குப் பெரிய உதவி. கோர்ட் மாறும்போதும் அறுபடாமல் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் திறந்த தந்தி. ஒரு சுரத்தின் தொடக்கத்தில் பிக் படும் ஓசை இல்லையென்றால், இடக்கை விரலை அடித்தோ இழுத்தோ அது எழுப்பப்பட்டிருக்கிறது. சுரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கமகம்போல வளைந்து ஏறினால் தந்தி தள்ளப்பட்டிருக்கிறது. படி படியாகச் சறுக்கிக் கேட்டால் விரல் ஃபிரெட்களின் மேல் ஊர்ந்திருக்கிறது.

எல்லாத் தந்திகளையும் ஒரு ஃபிரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வியான கப்போவின் புதிரும் இங்கேதான் அவிழும். நீங்கள் எழுதிய கோர்ட்கள் ஏ ஷார்ப் மைனர், டி ஷார்ப் மைனர், எஃப் என்று வந்து, ஆனால் பதிவில் திறந்த தந்திகள் தாராளமாக ஒலிப்பதாகத் தோன்றினால், வாசித்தவர் முதல் ஃபிரெட்டில் கப்போவை மாட்டி, ஏ மைனர், டி மைனர், ஈ என்ற எளிய பிடிகளையே பிடித்திருக்கிறார் என்று கொள்ளலாம். கிற்றாரின் மிகக் கீழ்ச் சுரம் திறந்த ஈ. அதற்கும் கீழே ஒரு கிற்றார்ச் சுரம் தெளிவாகக் கேட்டால் தந்திகள் இறக்கிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

தந்திகளைச் சேர்த்து அடிக்கும் ஸ்ட்ரம்மிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழ்நோக்கிய அடியில் தடித்த தந்திகள் முந்தி ஒலிக்கும், மேல்நோக்கிய அடியில் மெல்லியவை முந்தும். பாதி வேகத்தில் கேட்டால் இது எளிதில் புலனாகும். விரல்களால் தந்திகளைத் தனித்தனியே மீட்டும் விரல்நடையாக இருந்தால் கட்டைவிரல் வாசிக்கும் கீழ்ச்சுரங்களை முதலில் தனியே எடுத்துவிட்டு, மற்றவற்றை அதன் மேல் நிரப்புவது நல்லது.

மென்பொருளின் உதவியும் அதன் எல்லையும்

முன்பு ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுதி ஒரு முழு ஸ்தாயி இறங்கிவிடும். அதற்கேற்ப மனக்கணக்குப் போட வேண்டியிருந்தது. இன்றோ யூடியூப்பிலேயே சுதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம். முக்கால் வேகத்துக்குக் கீழே போனால் ஒலி கரகரத்துச் சிதையும், ஆகவே தேவைப்படும் நான்கு விநாடிக்கு மட்டும் குறையுங்கள். கடினமான துண்டைத் தெரிவுசெய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் வசதி, வேகத்தைக் குறைப்பதைக் காட்டிலும் பயனுள்ளது.

இரு வழி ஒலிப்பதிவாயின் ஹெட்போனின் ஒரு காதை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டு கிற்றார்கள் இடமும் வலமுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கலாம், அப்படியானால் ஒரே கை வாசிக்க முடியாத ஒன்றை எடுக்க முயன்று வருந்த வேண்டியதில்லை. பாடகரின் குரலை நீக்கும் வழமையான வசதி, இட வலப் பதிவுகளில் பொதுவாக இருப்பதைக் கழிப்பதால், நடுவில் வைக்கப்பட்ட குரலோடு பேஸையும் கொண்டுபோய்விடும். ஆகவே பேஸ் எடுத்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். கருவிகளைத் தனித்தனியே பிரித்துத் தரும் புதிய செயலிகள் இதைவிட மேலானவை. எனினும் கிற்றாரின் ஒரு பகுதியைப் பியானோவுக்குள்ளும், வீணையின் ஒரு பகுதியைக் கிற்றாருக்குள்ளும் அவை கொட்டிவிடுவதுண்டு. பிரிந்து வந்ததை மூலப் பதிவோடு ஒப்பிட்ட பின்பே எழுதுங்கள். கோர்டின் பெயரையே சொல்லிவிடும் செயலிகளை நான் விரும்புவதில்லை. மேலே சொன்ன, பியைப் பேஸாகக் கொண்ட ஜி போன்ற இடங்களிலேயே அவை தடுக்கி விழுகின்றன, நமக்கு உதவி தேவைப்படுவதும் அந்த இடங்களில்தான்.

எடுத்ததைச் சோதித்தல்

பதிவோடு சேர்ந்து வாசித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே கேட்கும், ஏனெனில் பதிவின் ஒலி நம் பிழைகளை மூடிவிடுகிறது. சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கையில் பதிவின் ஒலியளவை நான்கு தாளவட்டத்துக்கு முற்றாகக் குறைத்துவிட்டு, வாசிப்பை நிறுத்தாமல், மீண்டும் உயர்த்துங்கள். அப்போது இருவரும் ஒரே இடத்தில் நின்றால் தாளமும் கோர்டும் சரி. பிறகு கிற்றாரை மட்டும் கைபேசியில் பதிந்து, அரைமணி நேரம் கழித்துக் கேளுங்கள்.

குழுவுக்குக் கொடுக்கும் தாளில் மூலச் சுதியையும் எழுதிவையுங்கள். நம் பாடகர்களும் ஹார்மோனியக்காரரும் கட்டைக் கணக்கில் பேசுவதால், சி என்பதை ஒரு கட்டை என்றும், எஃப் என்பதை நாலு கட்டை என்றும், எஃப் ஷார்ப் என்பதை நாலரைக் கட்டை என்றும் பக்கத்திலேயே குறித்துவிட்டால் ஒத்திகையில் நேரம் மிஞ்சும். ஈக்கும் எஃபுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. பாடகர் "அரைக் கட்டை இறக்குங்கோ" என்று சொன்னவுடன் எண்களைக் கழித்துப் போகாமல், ஒவ்வொரு கோர்டையும் ஒரு ஃபிரெட் கீழே இறக்கிச் சரிபாருங்கள். தாளைப் பென்சிலால் எழுதுங்கள். தீராத தாளவட்டங்களுக்கு மேலே ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டுவிட்டுப் படுங்கள். விடியற்காலையில், பக்கத்து வீட்டு வானொலி தொடங்குமுன், அந்த இடங்களை மட்டும் திரும்ப ஓடவிட்டுக் கேளுங்கள்.